தமாம் ஆகாத வருசம்

நோன்பு முடிய இன்னும் சில நாட்கள்தான். நஃபீஸத்தின் குர்ஆன் பாதியைத் தாண்டவில்லை. கல்யாணமாகி மேலப்பாளையத்துக்கு வந்த நாள் முதல், முழுக்க ஓதித் தமாம் செய்யாமல் அவள் பெருநாள் சேலை உடுத்தியதில்லை. தெருப் பெண்கள் ஒரு தடவை முடித்துவிட்டு அடுத்த சுற்றையும் தொடங்கிவிட்டார்கள். இவள் பாடுதான் இழுபறி.

காரணம் கட்டிலில் கிடந்தது. புருஷன் செய்யது மசூது, ஆட்டோ ஓட்டியவர், பக்கவாதத்தில் விழுந்து பல மாதமாயிற்று. பேச்சு குழறும். ஏதாவது வேண்டுமென்றால் நல்ல கையால் டம்ளரை எடுத்துக் கட்டில் சட்டத்தில் தட்டுவார். அது என்ன மாயமோ, நஃபீஸத் கைகால் முகம் கழுவி ஒளு செய்து குர்ஆனை விரித்த நேரம் பார்த்துத்தான் தட்டல் வரும். தாகம், முதுகு அரிப்பு, மூத்திரம். ஒரு துளி மேலே தெறித்தாலும் சேலை மாற்றி, மறுபடி ஒளு செய்த பிறகுதான் குர்ஆனைத் தொட அவளுக்கு மனசு வரும். அதற்குள் அடுத்த தட்டல். நோன்பு வைத்த உடம்பு எத்தனை தடவைதான் எழுந்து உட்காரும்? அலுத்துப்போனாள், எரிந்து விழுந்தாள், பிறகு அதற்காக அழவும் செய்தாள்.

நேற்று பக்கத்து வீட்டு ஃபஹ்மிதா வந்தாள். மறுநாள் சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு தன் வீட்டில் பெண்கள் கூடித் தமாம் துஆ ஓதுவதாகச் சொல்லிவிட்டு, "நீங்க எதுவரைக்கும் ஓதியிருக்கிய லாத்தா?" என்று கேட்டாள்.

"எங்கன ஓத? இவுக என்னய ஓத விட்டாத்தான? அல்லாவுக்கே நான் வேண்டாம்னு ஆயிட்டு போல."

சொன்ன பிறகுதான் கட்டில் காதுக்கெட்டும் தூரத்தில் இருப்பது உறைத்தது. மசூது கண்ணை மூடியிருந்தார். தூங்குகிறார் என்று மனசைத் தேற்றிக்கொண்டாள்.

இன்று மதியம் லுஹர் தொழுதுவிட்டு, உள் அறையில் தொழுத முசல்லா விரிப்பிலேயே உட்கார்ந்து ஓதத் தொடங்கினாள். தட்டல் வரவில்லை. பக்கம் பக்கமாக ஓதினாள். களைப்புக்கூட மறந்துபோயிற்று. தன் பழைய ரமளான் திரும்பக் கிடைத்துவிட்டது என்று நெஞ்சு குளிர்ந்தது. கண்ணீர் வழியக் கையேந்தினாள்.

"ரப்பே, எங்கிட்ட நீ என்ன நாடுதியோ அதக் காட்டு. நான் செய்யுதேன்."

அஸர் பாங்கு கேட்டது. தொழுமுன் அவரை ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வரலாமென்று எழுந்து போனாள்.

வாசற்படியிலேயே வாடை வந்தது. அவர் உடுத்தியிருந்த சாரமும் விரிப்பும் மூத்திரத்தில் நனைந்து, ஓரத்தில் காயவும் தொடங்கியிருந்தன. ரொம்ப நேரமாகியிருக்க வேண்டும். ஆறிக்கொண்டு வந்த இடுப்புப் புண் ஈரத்தில் ஊறித் தோல் உரிந்திருந்தது. டம்ளரைத் தலையணைக்கு அடியில் அவரே செருகி வைத்திருந்தார்.

"ஏங்க தட்டல?"

மசூது சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பினார். "நீ... ஓது," என்றார்.

அவளுக்குத் தன் மீதே ஆத்திரமாக வந்தது. தான் உருகி உருகி ஓதிய நேரமெல்லாம் இந்த மனுஷன் பல்லைக் கடித்துக்கொண்டு ஈரத்தில் கிடந்திருக்கிறார். அல்லா இத்தனை நாளும் கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தான், தான்தான் அதை இடைஞ்சல் என்று நினைத்தோம் என்று அவளுக்குப் பட்டது.

வெந்நீர் வைத்தாள். பையப் புரட்டித் துடைத்து, புண்ணுக்கு மருந்து தடவி, வேறு சாரம் கட்டினாள். தூக்கி நகர்த்தியதில் அவளுக்கு இடுப்பு கழன்றுவிடும்போல் இருந்தது. வாசலில் ஃபஹ்மிதா குரல் கொடுத்தாள்.

"லாத்தா, எல்லாரும் வந்துட்டாவ. வாரியளா?"

"நீங்க ஓதுங்கம்மா. எனக்கு இந்த வருசம் தமாம் ஆகல."

அதைச் சொல்வதில் அவளுக்கு வெட்கமில்லை. கட்டில் ஓரம் தரையில் சரிந்து உட்கார்ந்தாள். "இங்க பாருங்க. இனிமே நான் குர்ஆன விரிச்சிருந்தாலும் நீங்க தட்டணும். கேட்டியளா?"

மசூது சுவரிலிருந்து முகத்தை அவள் பக்கம் திருப்பினார். உதடு வறண்டு வெடித்திருந்தது.

"தண்ணி," என்றார்.

அஸரை இனிமேல்தான் தொழ வேண்டும். முழங்கால் விண்ணென்று வலித்தது. நஃபீஸத் கட்டிலைப் பிடித்து எழுந்து, தண்ணீர் எடுக்கப் போனாள்.