மே மாதத்துப் போர்வை

சேலைக்கு ஊக்கு குத்திய கையோடு, செருப்பு மாட்டுவதற்காகக் கட்டிலில் உட்கார்ந்த ஹெலன் அப்படியே தூங்கிப்போனாள். உட்கார்ந்த வாக்கில் தூங்குவது அவளுக்குப் புதிதல்ல. இத்தனை வருட நர்ஸ் வேலையில் மருந்து அலமாரிக்கு முன்னால் நின்றுகொண்டேகூடக் கண்ணயர்ந்திருக்கிறாள். மகள் அக்னஸ் வந்து தோளை உலுக்கியபோது, எந்த வார்டில் இருக்கிறோம் என்றுதான் முதலில் யோசித்தாள்.

“மம்மி, ஜல்தி. பப்பா திரும்பத் திரும்ப ஃபோன் பண்றாரு. ஆட்டோ வெளிய வெயிட் பண்ணுது.”

டெல்லி முனிர்காவில் அவர்கள் குடியிருந்த சந்துக்குள் ஆட்டோ நுழையாது. மூன்றாம் மாடியிலிருந்து இறங்கி, தண்ணீர் கேன்களையும் பைக்குகளையும் சுற்றிக்கொண்டு வெளியே வந்தபோது நவம்பர் மாதத்துப் புகையில் தொண்டை கமறியது. இரவு டியூட்டி முடித்துக் காலையில் வந்தவள், துணி ஊறவைத்து, கேஸ் சிலிண்டர்காரனுக்காகக் காத்திருந்து, படுக்கும்போது மதியமாகிவிட்டது. நாளைக்கும் இரவு டியூட்டிதான். ஆட்டோவில் மகளின் தோளில் சாய்ந்துகொண்டாள். பன்னிரண்டு வயதில் அக்னஸ் அவளைவிட உயரமாக வளர்ந்திருந்தாள். அம்மாவின் பெயரைத்தான் மகளுக்கு வைத்திருந்தாள் ஹெலன்.

லாடோ சராயில் ஒரு காலரியில் அவள் கணவன் ரெஜினின் ஓவியக் கண்காட்சி அன்றைக்குத் தொடங்குகிறது. பல வருடங்களுக்குப் பிறகு.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ரெஜின் தேரியைத்தான் வரைந்துகொண்டிருந்தான். சாத்தான்குளத்துக்குத் தெற்கே, அவன் பிறந்த ஊரைச் சுற்றிக் கிடக்கும் செம்மணல் மேடுகள். பிரியமாக ஒரு வார்த்தை அதைப் பற்றிச் சொன்னதில்லை. அவனுடைய அப்பா மதலைமுத்து காலையில் எழுந்ததும் வீட்டுக்குள் வந்த மணலைப் பெருக்கித் தள்ளுவாராம். சாயங்காலத்துக்குள் அது திரும்ப வந்து வாசலில் கிடக்குமாம். செத்துப்போகும்வரை அந்த மனுஷன் பெருக்கினார் என்பான். அதைச் சொல்லும்போது அவன் முகத்தில் வருவது எரிச்சலா பயமா என்று ஹெலனுக்குத் தெரிந்ததில்லை. பதினேழு வயதில் ஊரை விட்டு வந்தவன், எந்த நகரத்தில் உட்கார்ந்தாலும் அந்த மணலைத்தான் வரைந்தான். டெல்லியில் பார்க்கிறவர்கள் ராஜஸ்தானா என்று கேட்டார்கள். முதலில் விளக்கினான். பிறகு ஆமாம் என்று சொல்லப் பழகிக்கொண்டான். அதற்கும் பிறகு வரைவதையே நிறுத்திவிட்டான்.

தனியார் பள்ளி ஒன்றில் டிராயிங் வாத்தியாராகப் போனான். ஹெலனுக்கு இரவு டியூட்டி இருக்கும் வாரங்களில் சமையல் அவன்தான். மகளுக்குத் தலை பின்னிவிடவும் கற்றுக்கொண்டான். பகலில் அவள் தூங்கும்போது அக்னஸ் சத்தம் போடாமல் பார்த்துக்கொள்ள, இரண்டு அறைகளுக்கும் நடுவே உள்ள வாசல்படியில் உட்கார்ந்துகொள்வான். மடியில் ஏதாவது காகிதம் இருக்கும். கிறுக்கிக்கொண்டிருப்பான். கிறுக்குவது அவனுக்கு மூச்சுவிடுவது மாதிரி என்பதால் அவள் கேட்டதில்லை.

போன வருடம் நண்பர்கள் இருவரோடு சேர்ந்து பக்கத்திலுள்ள பேர் சராயில் ஒரு நிலவறையை வாடகைக்கு எடுத்தான். மறுபடி வரைகிறேன் என்றான்.

“என்னது?”

“தேரிதான். வேற என்ன தெரியும் எனக்கு?”

சரி என்று சொல்லிவிட்டு அவள் டிபன் டப்பாவைக் கழுவப் போய்விட்டாள். ஒருநாள்கூட நிலவறைக்குப் போய்ப் பார்த்ததில்லை. ஆசை இல்லாமல் இல்லை. மாடியேறி வீட்டுக்கு வந்தபின் இன்னொரு இடத்துக்கு இறங்கிப் போகத் தெம்பில்லை.

காலரிக்குள் நுழைந்ததும் சிவப்பு. வெள்ளைச் சுவர்களில் நீள நீளமான கான்வாஸ்கள். காவியும் குங்குமமும் காய்ந்த ரத்தத்தின் நிறமுமாக மேடுகள், சரிவுகள், காற்று இழுத்த வரிகள். எல்லாமே படுக்கைவாட்டில், ஆள் நீளத்துக்கு. நன்றாகத்தான் இருக்கிறது என்று நினைத்தாள். இஸ்திரி போட்ட ஜிப்பாவில் ரெஜின் தூரத்தில் யாருடனோ பேசிக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் கையை உயர்த்தினான். பாதியிலேயே தாழ்த்திக்கொண்டான். கூட்டத்தில் பதற்றமாக இருக்கிறான் போல என்று விட்டுவிட்டாள்.

யாரோ கையில் ஒரு ஜூஸ் கிளாஸைக் கொடுத்தார்கள். பக்கத்தில் மப்ளர் சுற்றிய ஒரு பெரியவர், “ஜெய்சல்மேர்?” என்று கேட்க, காலரியை நடத்தும் ருச்சிகா, “இல்லை சார், தமிழ்நாடு. அவர் சின்ன வயதில் பார்த்த நிலம்” என்று ஹிந்தியில் விளக்கினாள். ஹெலன் அந்த ஜில்லாக்காரிதான். தேரியை பஸ் ஜன்னல் வழியாக ஓரிரு முறை பார்த்திருக்கிறாள். அது இத்தனை மென்மையாக இருந்ததாக நினைவில்லை. இந்த மேடுகளில் ஏதோ ஒன்று மூச்சு வாங்குகிற மாதிரி இருந்தது.

அக்னஸ் ஒரு படத்துக்கு முன்னால் நின்றுவிட்டாள். தலையைச் சாய்த்துப் பார்த்தாள். பிறகு திரும்பி, சாதாரணமாக, பஸ் நம்பரைச் சொல்வது போலச் சொன்னாள்.

“மம்மி, இது நீங்கதான். யே ஆப்கா பைர் ஹை.”

சரிவு முடிகிற மூலையில், நிழல் என்று ஹெலன் நினைத்திருந்த இடத்தில், ஒரு கால். கணுக்கால் வீங்கி, குதிகால் வெடித்து, விரல்கள் தளர்ந்து ஒருபக்கமாகச் சாய்ந்த கால். அதைப் பார்த்தபின் மற்றதெல்லாம் தானாகவே இடம் மாறிக்கொண்டது. பெரிய மேடு அவள் இடுப்பு. சின்னது தோள். பனை நிழல் மாதிரி கீழே இறங்கிய கறுப்புக் கோடு அவிழ்ந்த பின்னல். காற்று இழுத்த வரிகள் அவளுடைய சிவப்புக் கம்பளிப் போர்வையின் மடிப்புகள். சுவர் சுவராகத் திரும்பிப் பார்த்தாள். எல்லாப் படத்திலும் அவள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

முதலில் கை தானாகப் போய் முந்தானையைச் சரிசெய்தது. அதற்குப் பிறகு, கோபம் வரும் என்று அவள் எதிர்பார்த்த இடத்தில், வேறொன்று வந்தது. ஆஸ்பத்திரியில் எல்லோரும் அவளைத் தாண்டித்தான் பார்ப்பார்கள். நோயாளி ஊசியைப் பார்ப்பான், டாக்டர் சார்ட்டைப் பார்ப்பார். தன் வெடித்த குதிகாலை ஒருவன் இவ்வளவு நேரம் உட்கார்ந்து பார்த்திருக்கிறான். இப்படியே வீட்டுக்குப் போயிருந்தால் அன்றைக்கு அவனிடம் இரண்டு வார்த்தை நல்லதாகப் பேசியிருப்பாள்.

ஆனால் கடைசிச் சுவரில் ஒரு படம் தனியாக மாட்டியிருந்தது. மற்றவற்றைவிடப் பெரிது. அதற்கு மட்டும் தனி விளக்கு. கீழே சின்ன அட்டையில் ஒரே சொல்: மே.

இதில் கால் தெரியவில்லை. தலையும் தெரியவில்லை. உச்சி முதல் கால்வரை போர்வை மூடியிருந்தது. மேடு தளர்ந்து சரியவில்லை, இறுகி நின்றது. அதன் ஓரத்தில், உள்ளேயிருந்து போர்வையைப் பிடித்திருக்கும் ஒரு கையின் முட்டிகள் வெள்ளையாகப் புடைத்திருந்தன.

டெல்லியில் மே மாதத்தில் யாரும் கம்பளி போர்த்திக்கொள்வதில்லை.

நாலு வருடத்துக்கு முன்னால் கொரோனா இரண்டாம் அலை வந்த அந்த மே மாதம் ஆஸ்பத்திரி வராந்தாவிலெல்லாம் நோயாளிகள் கிடந்தார்கள். ஆக்ஸிஜனுக்கு வரிசை. பாதுகாப்பு உடைக்குள் வியர்வையில் ஊறிய கையோடு அவள் யார் யாருடைய அம்மாவுக்கோ ஊசி போட்டுக்கொண்டிருந்தபோது, ஊரில் அவளுடைய அம்மாவுக்கும் அதே காய்ச்சல் வந்தது. போக முடியவில்லை. அடக்கத்தைத் தம்பி ஃபோனில் காட்டினான். நீல பிளாஸ்டிக் தாளில் சுற்றிய ஒரு பொதி, தூரத்தில் பாதிரியார், பிறகு படம் உறைந்து நின்றுவிட்டது. அன்றைக்கு டியூட்டி முடித்து வந்து, யாரிடமும் பேசாமல், பெட்டியிலிருந்து போர்வையை எடுத்துத் தலையோடு இழுத்துப் போர்த்திக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்தாள். எட்டு வயது அக்னஸ் வாசல்படியில் வந்து நின்று மம்மி, மம்மி என்று கூப்பிட்டாள். ஹெலன் பதில் சொல்லவில்லை. தூங்குவதுபோல மூச்சை நீளமாக விட்டாள். வாயில் கம்பளியைக் கடித்திருந்தாள். மம்மி தூங்குதாங்க பாப்பா, வா, என்று ரெஜின் மகளை அழைத்துப்போனது கேட்டது. பிறகு அவன் திரும்பி வந்து உட்கார்ந்ததும் கேட்டது. அவனாவது ஏமாந்துவிட்டானே என்று அப்போது நிம்மதியாக இருந்தது.

ஜூஸ் கிளாஸை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு வெளியே வந்தாள். வாசலுக்குப் பக்கத்தில் ஒரு வேப்பமரம். அதன் அடியில் நின்ற காரில் சாய்ந்துகொண்டாள். ரெஜின் பின்னாலேயே வந்தான்.

“சொல்லணும்னுதான் இருந்தேன்” என்றான். “ஒவ்வொரு நாளும் நீ வரும்போது களைச்சுப்போய் வார. நாளைக்குச் சொல்லலாம்னு...”

“அந்த மே படம்.”

அவன் ஜிப்பாக் கையை மடித்துவிட்டுக்கொண்டான்.

“அன்னைக்கு நான் தூங்கல. முழிச்சுக்கிட்டுதான் கெடந்தேன். தெரியுமா உங்களுக்கு?”

கண்ணாடிக் கதவு திறந்து மூடியது. உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் வந்து நின்றது.

“தெரியும்” என்றான்.

“தெரிஞ்சுக்கிட்டு உக்காந்து வரைஞ்சீங்க.”

“பக்கத்துல வர பயமா இருந்திச்சு ஹெலன். வந்து என்னத்தச் சொல்ல? எங்கய்யா செத்தன்னைக்கும் எனக்கு ஒண்ணும் சொல்லத் தெரியல. வெளிய போய் மணலப் பாத்துக்கிட்டு நின்னேன். கைய வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க முடியல. அம்புட்டுதான்.”

பொய் இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது. அதுதான் இன்னும் அசதியாக இருந்தது. திட்டுவதற்குக்கூட ஒரு பொய் வேண்டியிருக்கிறது. அவள் அன்றைக்கு அழுதிருந்தால் வந்திருப்பானோ? அவன் வந்திருந்தால் அவள் அழுதிருப்பாளோ? இரண்டு பேரும் ஒரே அறையில், நாலு எட்டு தூரத்தில், அவரவர் வேலையைச் செய்துகொண்டிருந்திருக்கிறார்கள்.

“மத்ததெல்லாம் இருக்கட்டும்” என்றாள். “அத எடுத்துருங்க.”

“அதுதாம்ட்டி நல்லா வந்திருக்கு.”

“நல்லா வந்திருக்கதுனாலதான் சொல்லுதேன்.”

ரெஜின் கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தான். அந்தப் பெரியவர் மப்ளரை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு, தனி விளக்குக்குக் கீழே அசையாமல் நின்றிருந்தார். பத்து வருடம் யாரும் தன் படத்துக்கு முன்னால் அப்படி நின்றதில்லை என்பது ரெஜினின் முகத்தில் தெரிந்தது. ஹெலனுக்கு அதுவும் பாவமாக இருந்தது. ஆனால் சொன்னதை அவள் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. காலும் கடுத்தது. செருப்பைக் கழற்றிவிட்டுச் சில்லிட்ட சிமெண்டில் நின்றாள்.

அவன் உள்ளே போனான். ருச்சிகாவின் கை மேலும் கீழுமாக அசைவது தெரிந்தது. திறப்பு விழா நடக்கும்போதா, நாளைக்கு எடுக்கலாமே, ஒருவர் வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டார் என்றெல்லாம் சொல்லியிருக்க வேண்டும். ரெஜின் தலையைக் குனிந்துகொண்டு கேட்டான். பிறகு நேராகச் சுவருக்குப் போய், பெரியவரிடம் ஏதோ சொல்லி நகரச்செய்து, படத்தின் இரண்டு பக்கமும் கையைக் கொடுத்துத் தூக்கினான்.

வாசலுக்கு அதைக் கொண்டுவருவதற்குள் திணறிவிட்டான். அக்னஸ் கதவைப் பிடித்துக்கொண்டாள். ஹெலனின் பையும் செருப்பும் மகள் கைக்குப் போயின. “வீட்டுக்கா? இதை எங்க வைக்கிறது பப்பா?” என்று கேட்டாள். ரெஜின் ஆட்டோவுக்குக் கையைக் காட்டினான். முதல் ஆட்டோக்காரன் பார்த்துவிட்டு நிற்காமல் போனான். இரண்டாவது ஆள் வேகத்தைக் குறைத்து, “க்யா ஹை பையா, தர்வாஸா?” என்றான். கதவு இல்லை, படம் என்றான் ரெஜின். கதவென்றால்கூட ஏற்றியிருக்கலாம் என்று சொல்லிவிட்டு அவனும் போய்விட்டான்.

மெயின் ரோடு வரை போனால் ஏதாவது டெம்போ கிடைக்கும். ரெஜின் முன்பக்கம் பிடித்துக்கொண்டான். பின்பக்கத்தை ஹெலன் பிடித்தாள். நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. பஸ்கள் கடந்துபோகும்போது காற்று கான்வாஸைப் பிடித்து இழுத்தது. ஒரு பக்கம் சாய்ந்தால் மறுபக்கம் இழுத்துக்கொடுக்க வேண்டியிருந்தது.

“மெதுவா போங்க” என்றாள். அவன் நடையைக் குறைத்தான்.

எதிரே வந்த பஸ்ஸின் வெளிச்சம் படத்தின் மேல் விழுந்து, சிவப்பு மேட்டில் மெல்ல ஏறி, இறுகிய தோளைத் தாண்டி, அவள் பிடித்திருந்த ஓரம் வரை வந்து, அவள் விரல்களின் மேலும் ஒரு கணம் நின்றுவிட்டுக் கடந்து போனது.