நான்காவது கையெழுத்து

ஐந்தாவது தடவையும் பாட்டு மறைந்துவிட்டது. நிருஷன் போனைக் கதிரையில் எறிந்தான்.

“எங்கட பாட்டை நாங்களே போடேலாதாம். இணையத்தில ஏத்தி ஒரு நிமிசம் நிக்குதில்லை.”

‘நாலாம் வாய்க்கால்’ என்பது பாட்டு. உருத்திரபுரத்து றொக் குழுவான ‘கறள்’ பதிவு செய்தது. சொல்லும் மெட்டும் சுமித்திராவுடையவை, பாடியதும் அவள்தான். நிருஷன், ரஜிதன், விஜிதரன் மூவரும் வாத்தியம் வாசித்தார்கள். அந்தப் பதிவை வாங்கிய கொழும்புப் பாட்டுக் கம்பனி, அவளுடைய மலையகத் தமிழில் ‘தோட்டத்து வாடை’ அடிக்கிறதென்று குரலை மட்டும் வெட்டி, வேறொருத்தியைப் பாடவைத்து வெளியிட்டது.

சுமித்திராவைக் குடைந்தது வேறொன்று. அதே பாட்டை வாய்க்கால் கரையில் இருந்து கிற்றாரோடு பாடி அவளும் போட்டிருந்தாள். பதினொரு நாளாக அது அப்படியே நிற்கிறது. ஏன்?

விசுவமடுவில் போன் திருத்தும் கடையில் வேலை செய்பவள். எதையும் கழற்றிப் பார்க்காமல் விடமாட்டாள்.

“தளத்தில இருக்கிற மெஷின் சொல்லைப் பாக்கிறேல்லை, சத்தத்தைத்தான் பாக்குது. ஒரு பதிவின்ர சத்தம் கைரேகை மாதிரி. கம்பனி வாங்கின அதே வாசிப்பைத் திரும்பப் போட்டாப் பிடிச்சிடும். நான் புதுசாப் பாடினது வேற ரேகை.”

“மெஷினை விடு. கம்பனியில மனுசர் இல்லையோ?” என்றான் ரஜிதன். “நாப்பதாயிரம் பேர் பாத்திட்டினம். அவையின்ர கண்ணில படேல்லையோ?”

சுமித்திரா போனை எடுத்துத் தன் பதிவை மறுபடி திறந்து பார்த்தாள்.

நிருஷனின் தகப்பன் யோகலிங்கம் உள்ளேயிருந்து வந்தார். கம்பனியோடு பேசி முடித்துக் கொடுத்தவர் அவர்தான்.

“பிள்ளை, கம்பனித் தம்பி கதைச்சவர். உன்ர கையெழுத்து ஒண்டு வேணுமாம், நாளைக்கு வாறாராம். ஏன் நிக்கிறாய்? இதில இரு.”

இரண்டு வருடமாக அந்த வீட்டுக்கு வந்துபோகிறவளை அவர் இருக்கச் சொன்னது அன்றுதான். அவள் இருக்கவில்லை. ஒப்பந்தத்தைக் கேட்டு வாங்கி, நின்றபடியே ஒவ்வொரு வரியாக வாசித்தாள். கீழே ஒப்பமிடுவோர் பாட்டின் முழு உரிமையையும் கம்பனிக்குக் கொடுக்கிறார்கள். ஐந்து வருடத்துக்கு அதை எங்கும் பாடவோ வாசிக்கவோ மாட்டார்கள். கீழே நான்கு கோடுகள். மூன்றில் கையெழுத்து. நான்காவது வெறுமை.

அவர்கள் கையெழுத்துப் போட்ட நாள் அவளுக்கு நினைவிருந்தது. “நாலு பேரும் போடுங்கோ” என்றுதான் கம்பனியில் இருந்து வந்தவர் சொன்னார். யோகலிங்கம் மறித்தார்: “மூண்டு பெடியளும் போட்டாக் காணும். இவள் தேயிலைத் தோட்டத்தால வந்த வீரபாகுவின்ர மகள், சும்மா பாட வாறவள். பிள்ளை, நீ போய்த் தேத்தண்ணி ஊத்து. உங்கட ஆக்களுக்குக் கைவந்த வேலைதானே.”

எல்லோரும் சிரித்தார்கள். நிருஷனும்தான். அவள் ஐந்து கோப்பை ஊற்றிக்கொண்டு வந்தபோது பேனை மூடியாயிற்று.

“ஐயா, அண்டைக்கு என்னைத் தேத்தண்ணி ஊத்த விட்டது நல்லதாப் போச்சு.”

“பழசைக் கிண்டாத பிள்ளை. போட்டா உன்ர பேரும் வரும்.”

“பேர் வரும். பாட்டுப் போயிடும்.” அவளுக்குக் கோபம்கூட வரவில்லை, களைப்பாக இருந்தது. “நான் போடன் ஐயா.”

“அப்ப நாங்கள்?” என்றான் நிருஷன்.

“நீங்கள் போட்டிட்டியள். அஞ்சு வருசம் கையைக் கட்டிக்கொண்டு கேளுங்கோ.”

விசயம் இவ்வளவுதான். பாட்டை ஆக்கியவள் எழுதிக் கொடுக்காதவரை பாட்டு அவளுடையது. கம்பனியிடம் இருப்பது அந்த ஒரு பதிவு மட்டும். அவளுடைய பதிவில் அவர்கள் கைவைக்காததும், இப்போது கையெழுத்துக் கேட்பதும் அதனால்தான். சனிக்கிழமை கிளிநொச்சியில் நடக்கும் இசைவிழா மேடையில் சுமித்திரா தனியே, ஒரு கிற்றாரோடு பாடுவாள். கையெழுத்துப் போட்ட மூவரும் கீழே சனத்தோடு இருந்து கேட்பார்கள்.