செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே அரை லோடு ஜல்லி

1

இந்தக் கதை ஒரு தகரத் துண்டிலிருந்து பிறந்தது. ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். சாலையோர வேப்பமரத்தில் ‘சனி’ என்று எழுதிய தகரம் தொங்கியது. கீழே பொடி எழுத்தில், ‘தண்ணீரில் போட்டால் மிதக்கும்’. பக்கத்து சீட்டுக்காரர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். யார் கட்டியது, எதற்கு என்று அவருக்கும் தெரியவில்லை. மிச்சத்தை எல்லாம் நான்தான் கட்டினேன். ஆகவே இதில் வரும் சாவுக்கும் என்னைத்தான் கேட்க வேண்டும்.

முதல் வரியை இப்படி எழுதினேன்: “அந்தி மங்கும் நேரத்தில், கண்மாய் வளைவில் ஒரு மொபெட்...” வேண்டாம். எடுத்த எடுப்பிலேயே பிணத்தைக் காட்டி ஆளைப் பிடித்து உட்காரவைக்கிற கதைகள் மேல் எனக்கு எரிச்சல் உண்டு. அனுசியாவிடமிருந்து தொடங்குகிறேன்.

2

அனுசியா, மம்சாபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர். பாடப்புத்தகப் படத்தில் கோள்களெல்லாம் பந்தியில் உட்கார்ந்த மாதிரி நெருக்கியடித்துக்கொண்டு இருப்பது அவளுக்குப் பொறுக்காது. எம்புட்டு தூரம் என்பதைப் பிள்ளைகள் நடந்து தெரிந்துகொள்ளட்டும் என்று ஒரு வேலை செய்தாள். ராஜபாளையம் ஊர் முடிகிற இடத்தில் சூரியன். ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் நெப்டியூன். நடுவில் உள்ள சாலைதான் ஆகாயம். அந்த அளவுக்குப் பூமி ஒரு நெல்லிக்காய், செவ்வாய் ஒரு சுண்டைக்காய். முதல் நாலு கோளும் அரைக் கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும். வியாழனைப் பார்க்க அதற்கப்புறம் வெயிலில் வெகுதூரம் நடக்க வேண்டும். புதனைவிட வெள்ளிதான் சூடு, வெள்ளியில் ஒரு வருஷத்தைவிட ஒரு நாள் பெரிது என்றெல்லாம் தகரத்தில் எழுதிக் கட்டினாள்.

வியாழனுக்கு ஏகப்பட்ட கிராக்கி. குரு வாசலில் வந்து நின்றால் யாருக்குக் கசக்கும்? சனியை எந்தக் கடைக்காரரும் சேர்க்கவில்லை, அது வேப்பமரத்துக்குப் போனது. செவ்வாய் வந்து விழுந்த இடம் சுடலையம்மாளின் டீக்கடை.

“டீச்சர், எம் மவளுக்குச் செவ்வா தோசம்னு வார மாப்பிள்ளையெல்லாம் திரும்பிப் போறான். நீங்க அதக் கடை வாசல்லயே கொண்டாந்து கட்டுதிய.”

“அது வெறும் மண்ணுக்கா. துருப்பிடிச்சுச் செவந்து கெடக்கு, அம்புட்டுதான்.”

“இருந்துட்டுப் போட்டும். செத்த தள்ளிக் கட்டுங்க தாயி, ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்.”

அந்தப் பெண் உள்ளே டம்ளர் கழுவிக்கொண்டு, தலையைத் தூக்காமல் நின்றாள். அனுசியாவுக்கு மனசு கேட்கவில்லை. செவ்வாயைத் தள்ளினாள். அளவு கெடக்கூடாது என்று அதற்குப் பின்னால் வருகிறவற்றையும் சேர்த்தே தள்ளினாள். நெப்டியூன் மடவார் வளாகத்தைத் தாண்டிப் போனது. அதை யாரும் கண்டுகொள்ளவில்லை. நேர்ச்சாலையில் இருந்திருக்க வேண்டிய சிறுகோள் பட்டை, கண்மாய் வளைவுக்கு வந்து சேர்ந்தது.

3

[இங்கே ஒரு பக்கம் கட்டுரை எழுதி அடித்துவிட்டேன். சாரம் மட்டும்: செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே லட்சக்கணக்கில் சிறுகோள்கள் சுற்றுகின்றன. சிலது கரி மாதிரி கறுப்பு, சிலது பாறை, சிலது இரும்பு. எல்லாவற்றையும் ஒன்றாகப் பிசைந்தாலும் நம் நிலாவுக்குப் பக்கத்தில்கூட வராது. படத்தில்தான் நெரிசல். நிஜத்தில் ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நடுவே அவ்வளவு வெறுமை. விண்கலங்கள் ஒதுங்காமல், வேகத்தைக் குறைக்காமல் குறுக்கே போயிருக்கின்றன, ஒன்றும் ஆகவில்லை.]

அனுசியாவின் அளவுப்படி மொத்தப் பட்டையும் ஒரு மிளகுக்குக்கூடத் தேறாது. அதைப் பொடித்துச் சாலையோரம் தூவினால் யார் பார்ப்பார்கள்? பார்வையிட அதிகாரிகள் வேறு வருகிறார்கள்.

“கண்ணுக்குத் தெரியாதத வச்சு என்ன பிரயோசனம் டீச்சர்? ஜல்லி போடுங்க” என்றார் தலைமையாசிரியர் வைகுண்டராஜ்.

தப்பு என்று தெரிந்தேதான் தலையாட்டினாள். டிராக்டர்காரன் இருளப்பசாமி அரை லோடு கொண்டுவந்து வளைவோரம் பரப்பி, மேலே சுண்ணாம்பும் தெளித்தான். அதிகாரிகள் வந்தார்கள், பட்டையின் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள், போனார்கள். அள்ளுகிற வேலை நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போனது. லாரிகள் ஏறி இறங்கியதில் ஜல்லி தாருக்கு வந்துவிட்டது. ஒருநாள் காலையில் ஒரு பால்காரர் அங்கே சறுக்கி, முழங்கையைச் சிராய்த்துக்கொண்டு போனார்.* அனுசியா காதுக்கும் அது வந்தது. பள்ளிக்கூடம் விட்டதும் ஆள் அனுப்பி அள்ளிவிடலாம் என்றிருந்தாள்.

* அவர் கையில் போன் இல்லை. இதை மறந்துவிடாதீர்கள்.

4

பிச்சை முகம்மது, ராஜபாளையத்தில் நைட்டிகளை மொத்தமாக எடுத்து மொபெட்டில் கட்டிக்கொண்டு ஊர் ஊராக விற்பவர். மகள் பர்வீன் அனுசியாவின் வகுப்பு. பால்காரர் சறுக்கிய அதே நாள், ஜல்லி இன்னும் அள்ளாமலே கிடக்க, பொழுது சாய்ந்து மக்ரிப் பாங்கு சொல்லும் நேரம், வளைவுக்குக் கொஞ்சம் முன்னால் அவர் சட்டைப்பையில் போன் அடித்தது. மனைவி மாஜிதா.

“எங்க வாரிய?”

“வந்துக்கிட்டே இருக்கேன்ட்டி. என்ன வேணும்?”

“பிள்ளைக்கு இருமல் மருந்து...”

பிறகு அவள் காதில் விழுந்ததை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். மூன்றையும் கிழித்துப் போட்டுவிட்டேன். அவள் போனை வைக்காமல் வெகுநேரம் கேட்டுக்கொண்டே நின்றாள்.

5

லாரியிலிருந்து சிந்திய ஜல்லி என்று போலீஸ் எழுதி முடித்தது. போன் பேசிக்கொண்டே ஓட்டினால் இப்படித்தான் என்று ஊர் பேசி முடித்தது. “நீங்க வாயத் தொறந்தா எல்லாருக்கும் வேலை போயிரும்” என்று வைகுண்டராஜ் அனுசியாவின் வாயை முடித்தார்.

மாஜிதா இத்தாவில் இருந்தாள், புருஷனை இழந்தவள் வீட்டைவிட்டு வெளியே வராத காலம். அனுசியாதான் அவளைத் தேடிப் போனாள். செல்போன் அணைத்துப்போட்டு மூலையில் கிடந்தது.

“நாந்தான் கொன்னுட்டேன் டீச்சர்” என்றாள் மாஜிதா. அழவில்லை. “அவிய வீட்டுக்குத்தான வந்துக்கிட்டு இருந்தாவ. வந்த பொறவு சொன்னா ஆகாதா? மெடிக்கல் எங்கயும் போயிருமா?”

“அப்படிச் சொல்லாத மாஜிதா.”

“பர்வீனப் பாருங்க. இருமல் வந்தா துப்பட்டாவ வாயில திணிச்சுக்குதா. அவ இருமப் போயித்தான நான் போன் போட்டேன்னு நெனக்கா.”

சுவரோரம் பாயில் பர்வீன் குப்புறப் படுத்திருந்தாள். அவள் முதுகு குலுங்கியது, சத்தம் வரவில்லை. அனுசியா மாஜிதா பக்கம் திரும்பினாள். வாயைத் திறந்தாள்.

“மாஜிதா, அந்த ஜல்லி இருக்குல்லா...”

6

இந்த இடத்தில்தான் பேனா நிற்கிறது. என்னிடம் இருக்கும் முடிவுகள்:

அனுசியா சொல்லிவிடுகிறாள். மாஜிதா அவளை அறைகிறாள், பர்வீன் வாய்விட்டு இருமுகிறாள். [அனுசியாவுக்கு அவ்வளவு தைரியம் உண்டா? அவளுக்கும் வீட்டுக்கடன் இருக்கிறது, இரண்டு பிள்ளைகள்...]

அல்லது, “அந்த ஜல்லிய லாரிக்காரன் கொட்டியிருக்கான் பாரு, பாவி” என்று முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு பஸ் ஏறுகிறாள். நடக்கக்கூடியது இதுதான். எழுதக் கை கூசுகிறது.

அல்லது, நானே மூன்றாம் பகுதிக்குத் திரும்பிப் போய் அரை லோடை அள்ளிவிட்டு, உள்ளபடி ஒரு மிளகைப் பொடித்துத் தூவலாம். பிச்சை முகம்மது இருமல் மருந்தோடு வீடு வந்து சேர்வார். செய்து பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது, ஆனால் அதில் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஒன்றுமே இல்லை. நீங்கள் இரண்டாம் பகுதியிலேயே கீழே வைத்துவிட்டுப் போயிருப்பீர்கள். அதனால் ஜல்லியைத் திரும்பவும் கொட்டினேன். வைகுண்டராஜை இனி நான் எந்த முகத்தோடு திட்டுவது?

7

முடிவு எழுதப்போவதில்லை. அனுசியா வாயைத் திறந்தபடி இருக்கட்டும். ஜல்லி யார் போட்டது என்பது இதுவரை அவளுக்கும் தலைமையாசிரியருக்கும் டிராக்டர்காரனுக்கும் படம் எடுத்துப் போன அதிகாரிகளுக்கும் எனக்கும் மட்டும் தெரிந்திருந்தது. இப்போது உங்களுக்கும் தெரியும். பால்காரர் கையில் போன் இல்லை, ஆனாலும் அதே ஜல்லியில் சறுக்கினார் என்பதும் தெரியும்.

மாஜிதா இப்போதைக்கு எங்கும் போகமாட்டாள். மம்சாபுரத்தில் இறங்கி, நைட்டிக்காரர் வீடு என்று கேட்டால் காட்டுவார்கள். பெண் என்றால் உள்ளே போகலாம். ஆண் என்றால் வாசலிலேயே நின்று சொல்லுங்கள், அவளுக்குக் கேட்கும். பாயில் கிடக்கிற பிள்ளைக்கும் கேட்கிற மாதிரி, கொஞ்சம் சத்தமாகச் சொல்லுங்கள்.