கடைசி அரை மணி நேரம்

கோலாலம்பூரைப் பற்றி எழுதக் கோலாலம்பூரில் இருக்க வேண்டும் என்று யார் சொன்னது? நான் இருப்பது கேமரன் மலையில், ஒரு தேயிலைத் தோட்டத்தில். சுற்றுலாக்காரர்களுக்காகத் தோட்டம் நடத்தும் டீ ஹவுஸில் கல்லாவுக்குப் பின்னால் நிற்கிறேன். சனி ஞாயிறு ஆனால் நகரமே மலையேறி வந்து என் முன்னால் வரிசை பிடிக்கிறது. இந்தக் குளிருக்கே இமயமலைக்குப் போகிறவர்கள்போல் உடுத்தியிருப்பார்கள். தலையில் ஸ்ட்ராபெரி தொப்பி. தேநீரை அரை மணி நேரம் படம் எடுத்துவிட்டு, ஆறிப்போயிற்று என்று என்னிடமே குறை சொல்வார்கள். பத்து வருடமாக இவர்களுக்குச் சில்லறை கொடுப்பவளுக்கு நகர வாழ்க்கையைப் பற்றி இனி என்ன தெரிய வேண்டியிருக்கிறது?

அதனால் எழுதினேன். ஃபேஸ்புக்கில் ‘துளசி பார்வை’ என்று ஒரு பக்கம். பேரங்காடிக்கு எதையும் வாங்காமல் காற்று வாங்க மட்டும் போகும் குடும்பங்களைப் பற்றி எழுதினேன். இருநூறு வெள்ளி பணம் கொடுத்து டிக்கெட் எடுத்துப் போய், மேடையைப் பார்க்காமல் கைபேசியில் கச்சேரி பார்க்கிறவர்களைப் பற்றி எழுதினேன். முக்கியமாக சினிமா. புதுத் தமிழ்ப்படம் வந்த மறுநாளே என் விமர்சனம் வந்துவிடும். பன்னிரண்டாயிரம் பேர் படித்தார்கள். நான் கடைசியாகத் தியேட்டரில் படம் பார்த்தது என் கல்யாணத்துக்கு முந்தின வருடம் என்பது அவர்களில் ஒருவருக்கும் தெரியாது.

மலையில் தியேட்டர் கிடையாது. ஈப்போவுக்கு இறங்க வேண்டும். என் கணவர் விமலன் தோட்டத்து லோரி டிரைவர். வியாழக்கிழமைதோறும் தேயிலைப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு ஈப்போ ஸ்டோருக்குப் போவார். அங்கே ஆட்கள் பெட்டிகளை இறக்கும் நேரத்தில் பக்கத்துத் தியேட்டரில் முதல் காட்சி பார்ப்பார். சாயங்காலம் வந்து குளித்துவிட்டு எனக்குக் கதை சொல்வார். நான் நோட்டுப் புத்தகத்தில் குறிப்பெடுப்பேன்.

“கேமரா எப்படிங்க?”

“இருந்துச்சு லா.”

இதிலிருந்து ‘ஒளிப்பதிவு உறுத்தாமல் கதையோடு நடக்கிறது’ என்று எழுதுவது என் திறமை.

எனக்கு இரண்டு கொள்கைகள் உண்டு. விமர்சனத்தில் முடிவைச் சொல்ல மாட்டேன். எழுதி முடித்த படத்தை மறுபடி தொட மாட்டேன். டிவியில் போட்டால்கூட எழுந்து போய்விடுவேன். கொள்கை இல்லாதவளாக இருந்திருந்தால் மூன்று வருடம் இப்படி ஏமாந்திருக்க மாட்டேன்.

மூன்றாவது வருடம் எனக்கு ஒன்று உறைத்தது. படத்துக்குப் படம் கதாநாயகி படிக்கிறாள், பட்டணம் போகிறாள், பெரிய ஆளாகிறாள், கடைசியில் எல்லாவற்றையும் போட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்பிவிடுகிறாள். கடத்தல்காரனைப் பிடித்த போலீஸ்காரி, கோழிக்கு இரை போட நேரமாகிவிட்டது என்று அன்றைக்கே ராஜினாமா செய்கிறாள். லண்டனுக்குக் கிளம்பிய டாக்டர் விமான நிலையத்தில் மழை வாசனை வந்ததும் ஆட்டோ பிடிக்கிறாள். பாடகி ஒருத்தி, அடுப்பில் குழம்பை வைத்துவிட்டு வந்தது நினைவுக்கு வர, பாதிப் பாட்டில் மேடையைவிட்டு இறங்கி ஓடுகிறாள். எனக்கு ரத்தம் கொதித்தது. கொள்கையைத் தளர்த்தி, ஏழு படங்களின் முடிவுகளையும் வரிசையாகச் சொல்லி, இயக்குநர்களை நாறடித்து நீளமாக ஒரு கட்டுரை எழுதினேன். மதுரையில் நடக்கும் கதையில் அவள் திரும்பி வரும் பாதையின் இரண்டு பக்கமும் முட்டைக்கோஸ் தோட்டத்தைக் காட்டிய அலட்சியத்தையும் விடவில்லை.

கட்டுரை தீயாகப் பரவியது. ஆனால் கீழே ஒருவர் பாக்கியில்லாமல் சிரித்திருந்தார்கள். ‘செம நக்கல் அக்கா’ என்றார்கள். பெண்ணடிமைத்தனத்தைப் பற்றி எழுதினால் சிரிக்கிற சமூகம் எங்கே உருப்படும் என்று இரண்டு நாள் பொருமிக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் யோகேந்திரன் போன் செய்தார். கோலாலம்பூரில் ஒரு இணைய இதழின் ஆசிரியர், குரலிலேயே சிரிப்பு.

“அக்கா, ஏழு படத்துக்கும் எப்படிக்கா இப்படி முடிவு கட்டுனீங்க? அந்தப் போலீஸ்காரி உண்மையில கமிஷனராயிடுவா. நீங்க அவள கோழிக்கு இரை போட அனுப்பிட்டீங்களே! மதுரையில முட்டைக்கோஸ் வேற. ஆபீஸே உருண்டு பொரண்டு சிரிச்சுச்சு.”

“உண்மையில கமிஷனரா?” என்று கேட்டேன்.

“பாருங்க, இப்பவும் அதே சீரியஸ் குரல். அதான் உங்க ஸ்டைலே! எங்களுக்கு வாரம் ஒரு படம், ஒரு கற்பனை முடிவு வேணும். முழுநேர வேலை. இங்க கே.எல். ஆபீஸ்லதான் இருக்கணும். அடுத்த வெள்ளிக்குள்ள சாம்பிள் ஒண்ணு அனுப்புங்க, போதும்.”

அன்று வியாழன். சாயங்காலம் விமலன் சாப்பிட உட்காரும்வரை பொறுத்திருந்தேன்.

“அந்தப் போலீஸ்காரி படம் எப்படிங்க முடிஞ்சுது?”

“அன்னிக்கே சொன்னேனே. யூனிஃபார்மக் கழட்டி வச்சிட்டு…”

“உண்மையா எப்படி முடிஞ்சுது?”

சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த கை நின்றது. “தெரியாது லா,” என்றார். “ஒரு படத்துக்கும் நான் முடிவு பாத்ததில்ல.”

ஸ்டோரில் பெட்டி இறக்கி முடித்ததும் உடனே கிளம்பியாக வேண்டும். தாமதித்தால் சிம்பாங் பூலாய் மலைப்பாதையில் மழையும் மூடுபனியும் பிடித்துக்கொள்ளும். அதனால் ஒவ்வொரு படத்திலும் கடைசி அரை மணி நேரத்தை விட்டுவிட்டு எழுந்து வந்திருக்கிறார்.

“மொத தடவையே சொல்லிரலாம்னுதான் இருந்தேன். நீ நோட்டும் கையுமா உக்காந்திருந்தே. முடிவு தெரியலன்னா உன் மூஞ்சி வாடிரும்னு வாய்க்கு வந்ததச் சொன்னேன். நீ உச்சுக் கொட்டிக் கேட்டே.”

“சரி, பொய் சொன்னீங்க. அத்தனை பேரையும் ஏங்க வீட்டுக்கே கொண்டாந்து விட்டீங்க? ஒருத்தியாச்சும் போயிருக்கக் கூடாதா?”

தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “நீ எந்நேரமும் கே.எல்., கே.எல்.னு எழுதுறே. வாரா வாரம் மலை ஏறி வர்றப்ப, நம்ம வீட்டுல லைட்டு எரியுதான்னுதான் மொதல்ல பாப்பேன். பயந்தான் துளசி. வேறென்ன?”

முட்டைக்கோஸ் எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் புரிந்தது. அவர் மலையேறி வரும் வழியில் கோலா தெர்லா பக்கம் இரண்டு ஓரமும் அதுதானே. எனக்குக் கோபமும் வந்தது, இந்த மனிதர் மேல் பரிதாபமும் வந்தது. எது முதலில் வந்தது என்று இப்போது சொல்லத் தெரியவில்லை. வேலையைப் பற்றிச் சொன்னேன்.

“நீ போவணுமா?”

“போகணும்.”

அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. முப்பத்தாறு வயதாகிறது. ஒரு தடவையாவது அந்த வரிசையின் மறுபக்கம் நிற்க வேண்டும் என்று எனக்கு ஆசை. நாங்கள் இருக்கும் வீடு தோட்டத்து வீடு. அவர் வேலையை விட்டால் வீடும் போய்விடும். அதனால் போனால் நான் மட்டும்தான் போக முடியும். அவருக்கும் அது தெரியும். கை கழுவ எழுந்து போனார்.

மறுநாளிலிருந்து சாம்பிள் எழுத உட்கார்ந்தேன். மூன்று நாள், நான்கு முயற்சி. நான்கும் கண்டனக் கட்டுரைகளாக முடிந்தன. எனக்குக் குறை சொல்ல வரும். கதைக்கு முடிவு கட்ட வரவில்லை. அவர்கள் வேலைக்குக் கூப்பிட்டது உண்மையில் என் புருஷனைத்தான் என்பதை ஒப்புக்கொள்ள இன்னும் ஒரு நாள் ஆயிற்று.

அடுத்த வியாழன் விமலன் ஈப்போ போய் வந்து, குளித்துவிட்டு, வழக்கம்போல் கதை சொன்னார். புதுப்படம். கதாநாயகிக்கு வெளியூரில் வேலை கிடைக்கிறது. புருஷன் வாய் திறந்து வேண்டாம் என்று சொல்லவில்லை, வேண்டும் என்றும் சொல்லவில்லை.

“இங்கதான் எழுந்து வந்தேன்,” என்றார்.

“மிச்சத்த நீங்கதான் சொல்லணும். வேற யாராலயும் முடியாது,” என்றேன். வெட்கமாகத்தான் இருந்தது. என்னைப் பிரிந்து இருக்கப் பயப்படுகிறவரிடமே, பிரிந்து போவதற்கு உதவி கேட்டேன்.

சுவரைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்.

“காலையில பஸ்ஸு. புருஷன் பைய தூக்கிட்டு வர்றான். அவளோட குளிர்ச் சட்டைய எடுத்துக் குடுக்கிறான். போற எடத்துல குளிராதேங்கிறா. பஸ்ஸுல ஏர்கோன் குளிரும்ங்கிறான். அவ வாங்கிக்கிறா. பஸ்ஸு போயிருது. அவ திரும்பி வரல. அவ்வளவுதான். படம் முடிஞ்சுது.”

நான் ஒரு சொல்லையும் மாற்றாமல் எழுதி அன்றே யோகேந்திரனுக்கு அனுப்பினேன்.

மறுநாள் டீ ஹவுஸில் வரிசை கதவுவரை நின்றபோது பதில் வந்தது. ‘அக்கா, இதுல சிரிக்க என்ன இருக்கு? சப்புனு முடியுது. பழையபடி அவள வீட்டுக்கு அனுப்பிடுங்க. கறிவேப்பிலை வாங்க மறந்துட்டேன்னு பஸ்ஸ நிறுத்தி இறங்கட்டும். மாத்தி அனுப்பினா வேலை உங்களுக்குத்தான்.’

இரண்டு வரி வேலை. கறிவேப்பிலை என்று தட்டச்சு செய்தும்விட்டேன். எதிரே ஒரு அம்மாள் ஸ்கோன் ரொட்டிக்கு ஜாம் கூடக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளைக் காக்க வைத்துவிட்டு, தட்டியதை அழித்தேன். ஏழு பேரையும் வீட்டுக்குத் திருப்பி அனுப்பிய மனிதர், தன் பயத்தை விழுங்கிக்கொண்டு ஒருத்தியைப் போகவிட்டிருக்கிறார். அவளை எப்படி நான் பஸ்ஸிலிருந்து இறக்குவேன்? ‘முடிவு அதுதான், மாற்ற மாட்டேன்’ என்று அனுப்பினேன். அன்று மாலைக்குள் வேலை இல்லையென்றாகிவிட்டது.

வீட்டுக்குப் போனால் விமலன் அலமாரி மேலிருந்த பெரிய பையை இறக்கி, ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

“எப்ப கெளம்புறே? மெனேஜர்கிட்ட லீவு சொல்லணும், தானா ராத்தா பஸ் ஸ்டேஷன் வரைக்கும் கொண்டாந்து விட.”

“கெளம்பலங்க. வேலை கெடைக்கல.”

“ஏன்? நான் சொன்ன முடிவு நல்லா இல்லையா?”

“அவங்களுக்கு அவ வீட்டுக்குத் திரும்பி வரணுமாம். நான் மாத்த மாட்டேன்னுட்டேன்.”

சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அதற்காக அவர் மேல் எரிச்சல்படவும் தயாராகத்தான் வந்திருந்தேன். அவர் பையின் பக்கத்தில் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“அவள வர வச்சிருக்கலாமே துளசி,” என்றார். “நீயாச்சும் போயிருப்பே.”