காதுக்குக் கீழே ஒரு கீறல்

அப்பாவின் கால் விறைத்துப்போயிருந்ததால் காலுறை குதிகாலைத் தாண்ட மறுத்தது. உயிரோடு இருந்தபோது மட்டும் ஒத்துழைத்தாரா என்ன! மகள் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கையில் அத்தை உள்ளே வந்தாள். கையில் துண்டில் சுற்றிய வெள்ளிக் கிண்ணம். கட்டிலில் கிடந்த தம்பியை அவள் பார்க்கவில்லை.

"அவனோடதையும் எடு. ரெண்டையும் பாத்துச் சொல்லு. இனிமே தடுக்கத்தான் ஆளில்லையே."

சாவு வீட்டில் டாக்டர் கிடைத்தால் முட்டிவலியைக் காட்டுவார்கள். மகளுக்குப் பழங்காசு சோதிக்கிற வேலை. அவளுக்கு வாய்த்தது இது.

தாத்தா பிள்ளைகளுக்கு ஆளுக்கொன்றாகக் கொடுத்த கிண்ணங்கள். அடியில் ஏதோ ராஜாவின் தலை போட்ட பழங்காசு பதித்திருக்கும். அத்தையின் காசு போலி என்று எவனோ ஒரு கடைக்காரன் சொல்லித் தொலைத்தான். அப்படியானால் அசல் தம்பியிடம்தான்; கிண்ணத்தை மாற்றிவிட்டான் என்று அத்தை முடிவுகட்டினாள். அன்றோடு பேச்சு நின்றது. அப்பாவும் லேசுப்பட்டவரில்லை. "நீ லென்ஸை எடுத்தாலே நான் திருடன்னு ஒத்துக்கிட்ட மாதிரிதான். உள்ள வை" என்று மகள் வாயையும் அடைத்துவிட்டார்.

ஊரார் பொய்யைக் கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்குகிறவள், வீட்டு அலமாரியை மட்டும் திறக்கவேயில்லை. அத்தை சொன்னது நிஜமாக இருந்துவிட்டால்?

இப்போது திறந்தாள். இரண்டையும் ஜன்னலோரம் வைத்து லென்ஸோடு குனிந்தாள். எழுத்துகள் மழுங்கியிருந்தன, பரப்பெல்லாம் ஊசி குத்தினாற்போல் குழிகள். ராஜாவின் காதுக்குக் கீழே ஒரு கீறல். அடுத்த கிண்ணத்திலும் அதே காது, அதே கீறல்.

மறுபடி பார்த்தாள்.

"என்னடி? உங்கப்பன்னு பாக்காதே. உள்ளதைச் சொல்லு."

"ரெண்டுமே போலி, அத்தை. ஒரே கீறல் ரெண்டு காசுல அதே இடத்துல விழாது. ஒரே அச்சுல வார்த்திருக்காங்க. அப்பா எதையும் மாத்தல."

அத்தை இரண்டு கிண்ணங்களையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"அப்போ எங்கப்பா ஓரவஞ்சனை பண்ணல. ரெண்டு பேருக்கு வாங்கினதுலயும் சரிசமமாத்தான் ஏமாந்திருக்கார்."

சிரிக்கப் பார்த்தாள், வாய் கோணியது. துண்டை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். பிறகு கட்டிலருகே போய், மகள் இறுகப் போட்டுவிட்டிருந்த சட்டையின் கழுத்துப் பட்டனைக் கழற்றினாள்.

"இதைப் போட்டா அவனுக்கு மூச்சு முட்டும்."

காலரை இரண்டு பக்கமும் தளர்த்திவிட்டாள்.