வாத்துத்தீவு மெம்பர்

பெங்களூர்த் தண்டில், பட்டாளம் குடியிருந்த அந்தப் பக்கத்தில், ரெமிஜியஸ் வாயைத் திறந்தால் காக்காய்கூடக் கத்துவதை நிறுத்திவிட்டுக் காது கொடுக்கும். அவருடைய ஃபாக்டரி சோடாவை உடைக்கிற சத்தத்தில் பரேடு மைதானத்துக் குதிரைகள் நாற்பதும் வரிசை கலைந்து அல்சூர் வரைக்கும் ஓடின என்பார். கேட்டவன் மறுநாள் அதையே இன்னொருவனிடம் சொல்லும்போது குதிரை எண்பதாகியிருக்கும். அந்த வாயைக் கொஞ்சம் கட்டி வைத்திருக்கலாம் என்று பிற்காலத்தில் அவரே நினைத்து நினைத்து மருகினார். ஆனால் அப்போது அது அவருக்குக் கடவுள் கொடுத்த சொத்தாகத்தான் தெரிந்தது.

வீடும் ஃபாக்டரியும் இருந்தது வாத்துத்தீவில். தீவு என்றதும் கடலைத் தேட வேண்டாம். பக்கத்து ஏரி நிரம்பி வழிகிற தண்ணீர் இரண்டு கால்வாயாகப் பிரிந்து, அரை மைல் முறைத்துக்கொண்டு ஓடி, மறுபடி ஒன்று சேரும். நடுவில் அகப்பட்டுக்கொண்ட மேடுதான் வாத்துத்தீவு. எந்தக் காலத்திலோ ஒரு துரை அங்கே வாத்து வளர்த்தான். வாத்தும் போனது, துரையும் போனான், பேர் மட்டும் தங்கிவிட்டது. பட்டாளத்துக்கு ரொட்டி சுட்டவர்கள், துணி வெளுத்தவர்கள், பூட்ஸ் தைத்தவர்கள் என்று தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்கள் தொண்ணூறு அங்கே குடியேறி, ஓட்டுக் கூரையில் ஒரு அந்தோணியார் கோயிலும் கட்டிக்கொண்டார்கள்.

அவர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. ஈஸ்டருக்கு மறுநாள் கோயில் வாசலில் புளுகு மேடை. யார் வேண்டுமானாலும் ஏறிப் புளுகலாம். சட்டம் இரண்டே இரண்டு. சொல்கிறவன் சிரிக்கக் கூடாது. கேட்கிறவன் மறுக்கக் கூடாது. "ஆமா, நானும் பார்த்தேன்" என்று சொல்லி, இன்னும் ஒரு படி ஏற்றிவிட வேண்டும். ஒருவன் தன் வீட்டுப் பூசணிக்காயில் பிள்ளை குளித்தது என்றால், அடுத்தவன் அதே காயில் தன் மாமியார் நீச்சல் பழகினாள் என்பான். ஜெயித்தவனுக்கு வெங்காய மாலை. ரெமிஜியஸ் பதினொரு தடவை வாங்கியவர். அவர் கணக்கில் இருபத்திரண்டு.

வருஷம் முழுக்கவும் அந்தப் பழக்கம் விடாது. கருவாடு வாங்கப் போனாலும் "நானும் பார்த்தேன்"தான்.

இப்படிச் சிரித்துக்கொண்டிருந்த தீவுதான் காலியாகிக்கொண்டு வந்தது. கரைக்குப் போவதற்கு இரண்டு தென்னை மரங்களைச் சேர்த்துக் கிடத்தியிருந்தார்கள். மழையில் அதுவும் மிதக்கும். ஜட்கா வராத ஊருக்குப் பெண் கொடுக்க மாட்டோம் என்று ஷூலே பக்கத்துச் சம்பந்திகள் கையை விரித்தார்கள். பள்ளிக்கூடத்து வாத்தியாரம்மா ஒரு தரம் குடையோடு கால்வாயில் விழுந்தவர், குடையை மட்டும் வாங்கிக்கொண்டு போக ஆள் அனுப்பினார், தான் வரவேயில்லை. தொண்ணூறு வீடு அறுபதாச்சு, அறுபது நாற்பத்திரண்டாச்சு. ரெமிஜியஸுக்கு அது நெஞ்சில் முள். சோடா ஃபாக்டரியைக் கரைக்கு மாற்றி அவர் எப்போதோ சம்பாதித்திருக்கலாம். மாற்றவில்லை.

"ஒரு பாலம், ஒரு குழாய். ரெண்டும் வந்தா போனவன்லாம் திரும்பி வந்துருவான் அக்கா" என்றார் ஒரு நாள், மூத்தவளான நோராவிடம். கணவனை இழந்தபின் தம்பியோடு வந்து தங்கி, ஃபாக்டரியில் பாதி வேலையைப் பார்ப்பவள் அவள். தீவில் புளுகத் தெரியாத ஒரே ஜீவன்.

"அதுக்கு நகரசபைக்குத்தான் எழுதணும்."

"எழுதி என்ன? நானே மெம்பராயிடறேன்."

"நீயா? அங்கே போய் என்ன பேசுவே?"

"அதான் எனக்குத் தெரியுமே, பேச!"

1924-இல் அந்த வார்டில் அவரை எதிர்த்து நின்றவர் வக்கீல் சீனிவாசராகவன். நல்ல மனிதர், படித்தவர். சாக்கடை வாட்டம் அடிக்கு எத்தனை அங்குலம் இருக்க வேண்டும் என்று காகிதத்தைப் பார்த்து வாசித்தார். கூட்டத்தில் பாதிப்பேர் தூங்கினார்கள், மீதிப்பேர் தூங்கினவர்களைப் பார்த்துப் பொறாமைப்பட்டார்கள். ரெமிஜியஸ் சோடாப் பெட்டியின்மேல் ஏறி நின்றார்.

"மகாஜனங்களே! எங்க தீவுக் கொசுவைப் பிடிச்சுத் தராசிலே வெச்சா கால் சேர்! போன மாசம் ரெண்டு கொசு சேர்ந்து யூனிஸ் அத்தையோட ஆட்டைத் தூக்கிட்டுப் போச்சு. ஆட்டைக்கூட விடுங்க, கட்டியிருந்த கயித்தையும் அவுத்துல்ல கொண்டுபோச்சு!"

"ஆமா, நானும் பார்த்தேன்!" என்று கூட்டத்தின் பின்னாலிருந்து யூனிஸ் கத்தினாள். எழுபது வயசு, பல்லில்லாத வாய், தீவிலேயே முந்திக் குடிவந்த குடும்பத்தவள். "கயித்தை மறுநாள் திருப்பிக் கொண்டாந்து குடுத்துச்சு!"

ஜனம் விழுந்து விழுந்து சிரித்தது. சிரித்துக்கொண்டே ஓட்டுப் போட்டது. நாற்பத்தொரு ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். தோற்ற சீனிவாசராகவன் தாமே வந்து கை குலுக்கி, "நீங்க பேசறது ரசிக்கும்படியா இருக்கு, மிஸ்டர் ரெமிஜியஸ். அங்கே உள்ளே இருக்கறவா ரசிகர்கள் இல்லை. அதை மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்கோ" என்றார். தோற்றவர் பொருமுகிறார் என்று ரெமிஜியஸ் எடுத்துக்கொண்டார்.

முதல் கூட்டத்திலேயே பாலமும் குழாயும் கேட்டார். தலைவர் துரை தலையை ஆட்டி, சுகாதார அதிகாரி போய்ப் பார்த்து அறிக்கை தரட்டும் என்றார். இத்தனை சுலபமா என்று ரெமிஜியஸ் வீட்டுக்கு வந்து அக்காவைச் சுற்றிச் சுற்றி ஆடினார்.

அறிக்கை எழுத வந்தவர் டாக்டர் டென்சில். ஆங்கிலோ இந்தியர், மதராஸிலிருந்து மாற்றலாகி வந்து மூன்று மாசம்தான் ஆகியிருந்தது. தமிழ் நன்றாகவே பேசுவார். ஆனால் முகத்தில் ஒரு சுருக்கம்கூட அசையாது. கையில் தடித்த நோட்டுப் புத்தகம். தென்னை மரத்தில் பக்கவாட்டாக நண்டு மாதிரி நடந்து வந்து சேர்ந்தார். தீவே கோயில் வாசலில் திரண்டு நின்றது, சீமை இளவரசர் வந்ததுபோல.

"ஜுரம் உண்டா இங்கே?" என்றார் டாக்டர்.

ரொட்டிக்கடை லாசர் முன்னால் வந்தான். "ஜுரமா? போன மாசம் மூணு பேர் படுத்தாங்க சார்."

"ஆமா, நானும் பார்த்தேன்" என்றாள் யூனிஸ். "ஏழு பேர்."

"ஏழா? எங்க வரிசையிலே மட்டும் பதினொண்ணு" என்றான் ஒரு சலவைக்காரன்.

டாக்டர் பதினொன்று என்று எழுதிக்கொண்டார். சிரிக்கவில்லை. தீவுக்காரர்கள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டார்கள். அடேயப்பா, என்ன ஆள் இவர்! இத்தனை கேட்டும் உதடு துடிக்கவில்லையே! இவரை மேடையில் ஏற்றினால் வெங்காய மாலை இவருக்குத்தான். ஆட்டம் சூடுபிடித்தது. குடிக்கிற தண்ணீரில் புழு என்றான் ஒருவன். புழு சாரைப்பாம்பு நீளம் என்றான் அடுத்தவன். கால்வாய் நாற்றத்தில் கோயில் மணியே மயங்கி, அடித்தால் ஒலிப்பதில்லை என்றார்கள். மணியையும் புழுவின் நீளத்தையும் விட்டுவிட்டு, டாக்டர் மற்றதையெல்லாம் எழுதினார். நியாயமாகப் பார்த்தால் அந்த இடத்திலேயே ரெமிஜியஸுக்கு உறைத்திருக்க வேண்டும். மணியை ஏன் விட்டார்? நம்பக்கூடியதை மட்டும் பொறுக்கி எடுத்து எழுதுகிறார். அப்படியென்றால் மற்றதை நம்புகிறார்.

உறைக்கவில்லை. பேனா ஓடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஊரே தன்னைப் பார்க்கிறது. மெம்பர் இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை. பதினொரு மாலை வாங்கினவர் சும்மா நிற்பதா?

"இதெல்லாம் என்ன டாக்டர்" என்று கையை வீசினார். "கூரையிலேருந்து எலி விழுதே, அதைக் கேட்டீங்களா? செத்த எலி. தொப்பு தொப்புன்னு. ஒரே வாரத்திலே கூடை கூடையா அள்ளினோம்."

யாரும் "நானும் பார்த்தேன்" என்று சொல்லவில்லை.

எலி விழுந்தால் என்ன அர்த்தம் என்று பெங்களூரில் பிள்ளைப்பூச்சிக்குக்கூடத் தெரியும். பிளேக் வருஷங்களில் வீட்டைப் பூட்டிக்கொண்டு கொட்டகையில் போய்க் கிடந்தவர்கள் அங்கே நின்றவர்களில் பாதிப்பேர். புளுகு மேடையிலும் தொடாத சங்கதி அது. யூனிஸ் சிலுவை போட்டுக்கொண்டாள்.

டென்சில் எழுதுவதை நிறுத்தி, முதல் தடவையாகத் தலையை நிமிர்த்தினார். "எப்போ?"

இல்லை சார், சும்மா ஒரு பேச்சுக்கு என்று சொல்லியிருக்கலாம். ஐந்தே வார்த்தை. நோரா கூட்டத்துக்குள்ளிருந்து, சொல்லு, சொல்லித் தொலை என்று கண்ணாலேயே கெஞ்சினாள். ஆனால் ஊருக்கு நடுவில் நின்று சொன்ன புளுகைத் திரும்ப வாங்கின வழக்கம் தீவில் யாருக்குமில்லை. அதற்கு வேண்டிய வார்த்தையே அவர் நாக்கில் பழகியிருக்கவில்லை.

"போன வாரம்" என்றார்.

டாக்டர் எழுதி, கீழே கோடு போட்டு, புத்தகத்தை மெம்பரிடம் நீட்டினார். ரெமிஜியஸ் பேனாவை வாங்கி, வாலைச் சுழித்து அழகாகக் கையெழுத்துப் போட்டார்.

அன்று சாயங்காலம் நோரா பாட்டில் கழுவிக்கொண்டே, "ஏன்டா அப்படிச் சொன்னே?" என்றாள்.

ரெமிஜியஸ் கழுவின பாட்டில்களை எடுத்து வரிசையாக அடுக்கினார். "அவர் எழுதினாரு அக்கா" என்றார் கடைசியில். "நானும் ஐம்பது வருஷமா பேசறேன். நான் சொன்னதை இதுவரைக்கும் ஒருத்தன் எழுதினதில்லே."

பதினைந்தாம் நாள் சபையில் அறிக்கையை வாசித்தார்கள். வாத்துத்தீவு மனிதர் வசிக்கத் தகாத இடம். ஒரு மாதத்துக்குள் எல்லாரையும் அப்புறப்படுத்தி, வீடுகளை இடித்து, மண்ணைச் சுண்ணாம்பு போட்டு மூட வேண்டியது. குடிகளுக்கு நீலசந்திராவிலும் வேறு இடங்களிலும் மனை.

ரெமிஜியஸ் எழுந்தார். "தலைவர் அவர்களே, எலி விழவில்லை. ஒரு எலியும் விழவில்லை. ஜுரம் வந்தவர்கள் இரண்டே பேர், இரண்டு பேரும் இப்போது நலம். தண்ணீரில் புழு இல்லை. நாங்கள் சொன்னது அத்தனையும் பொய். எங்கள் ஊரில் அப்படிப் பேசுவது வழக்கம்."

வாழ்க்கையில் அவர் இத்தனை சுருக்கமாகப் பேசியதே கிடையாது. மற்ற மெம்பர்கள் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். வாத்துத்தீவு மெம்பர் என்றால் வேடிக்கை என்று அவர்களுக்கு ஏற்கெனவே தெரியுமல்லவா! மரக்கடை வைத்திருந்த ஒரு மெம்பர் மட்டும் சிரிக்காமல், "தீவில் உங்கள் சோடா ஃபாக்டரி இருக்கிறது, இல்லையா?" என்று கேட்டார். ரெமிஜியஸ் ஆமாம் என்றார். "அப்படிச் சொல்லுங்கள்" என்று அவர் உட்கார்ந்துகொண்டார். தீர்மானம் நிறைவேறியது.

ரெமிஜியஸ் வெட்கத்தை விட்டுச் சீனிவாசராகவன் வீட்டுப் படியேறினார். வக்கீல் அவரை உட்காரவைத்து, ருக்மிணி என்று உள்ளே குரல் கொடுத்துக் காபி வரவழைத்து, அறிக்கையின் நகலை இரண்டு தடவை படித்தார்.

"அப்பீல் எழுதறேன். எழுதாம என்ன. ஆனா கடைசிப் பக்கத்திலே பாருங்கோ. வார்டு மெம்பர் உடனிருந்து உறுதி செய்தார்னு இருக்கு. இந்தக் கையெழுத்து யாரோடது?"

"என்னோடதுதான்."

"இதை நான் எப்படி உடைக்கறது, சொல்லுங்கோ" என்றார் வக்கீல். குத்திக்காட்டவில்லை, நிஜமாகவே கேட்டார். அது இன்னும் மோசமாக இருந்தது.

அப்பீல் தள்ளுபடியாயிற்று. இடிக்கிற சாமான் ஏற்ற மாட்டு வண்டிகள் தீவுக்குள் போக வேண்டுமே. கால்வாய்க்குக் குறுக்கே மூன்றே நாளில் கல்லும் இரும்புமாய்ப் பாலம் போட்டார்கள். இரண்டு ஜட்கா ஒன்றுக்கொன்று ஒதுங்காமல் போகிற அகலம். ரெமிஜியஸ் கரையில் நின்று அதன் அகலத்தை அடியால் அளந்து பார்த்துவிட்டு, அங்கேயே குந்தி உட்கார்ந்தார்.

மனைகளைச் சீட்டுக் குலுக்கிப் போட்டுக் கொடுத்ததில், அக்கம்பக்கத்தில் இருந்த எந்த இரண்டு வீட்டுக்கும் சேர்ந்தாற்போல இடம் விழவில்லை. சிலர் கோலார் தங்கவயலுக்குப் போனார்கள். அந்தோணியார் சொரூபம் பெரிய கோயிலின் பக்கவாட்டு அறைக்குப் போயிற்று. யாராவது தன்னை நாலு வார்த்தை திட்டினால் தேவலை என்று ரெமிஜியஸ் வீடு வீடாகப் போனார். யாரும் திட்டவில்லை. நாங்களும்தானே சேர்ந்து சொன்னோம் என்று லாசர் அவர் தோளைத் தட்டினான். "நீ சொன்னதை நான் சொல்லலை" என்று நோரா மட்டும் சொல்லியிருக்கலாம். அவளும் சொல்லாமல் பாட்டில்களை வைக்கோலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

கடைசியாகக் கிளம்பிய வண்டி யூனிஸுடையது. கட்டில், இரண்டு பானை, ஒரு கோழி, மேலே அவள். ரெமிஜியஸ் வண்டியின் பக்கத்திலேயே நடந்தார்.

"புது வீட்டுல குழாய் இருக்காமே ரெமி? தெருவிலே போகாம, வாசல்லயே?"

"இருக்கு அத்தை."

"சொன்னதைச் செஞ்சுட்டேடா. நீ நல்லா இருக்கணும்." பிறகு, "நீயும் நோராவும் எங்கே? பக்கத்திலேதானே?"

பட்டியல் அவர் சட்டைப்பையில் இருந்தது. அவளுக்கு ஒரு பக்கம் ரயில்வே பியூன், கன்னடக்காரர். மறு பக்கம் காலி மனை. நோராவுக்கும் அவருக்கும் இரண்டு மைலுக்கு அப்பால். பக்கம்தான், கூப்பிட்டால் கேட்கிற தூரம் என்று சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"இல்லே அத்தை. ரெண்டு மைல் தள்ளி."

"தீவுக்காரங்க வேற யாரு?"

"அந்தத் தெருவிலே யாரும் இல்லே."

யூனிஸ் கோழியை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். "அப்ப நான் யாருகிட்டடா பேசறது?" என்றாள்.

வண்டிக்காரன் மாட்டை அதட்டினான். ரெமிஜியஸ் வண்டியின் கட்டையைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தார், நீலசந்திரா வரைக்கும்.