அஸருக்கு வரும் மாமி

“உங்களுக்கு வெள்ளிக்கிழமையில மட்டும்தான் வலிப்பு வாறதா?”

தாதி அட்டையிலிருந்து நிமிராமலே கேட்டாள். நஸ்லா ஓம் என்று தலையாட்டினாள். அட்டையில் மூன்று மாதத்து வலிப்புத் திகதிகளையும் கிளினிக் வாங்கில் உட்கார்ந்து காத்திருந்தபோதுதான் அவள் கற்பனையில் நிரப்பியிருந்தாள். எதையும் எழுதி வைக்காதவளுக்கு வெள்ளிக்கிழமைகள்தான் நம்பத் தகுந்தவையாகத் தெரிந்தன.

தாதி சிரிக்கவில்லை. சில பெண்களுக்கு ஹோர்மோன் ஏறி இறங்குவதால் மாதவிடாயை ஒட்டிய நாட்களில் வலிப்புக் கூடும் என்றாள். அப்படித்தான் என்று தெரிந்தால், அந்த நாட்களுக்கு மட்டும் டொக்டர் இன்னொரு குளிசை சேர்க்கலாம். பிள்ளை பெற நினைத்தால் இப்போதைய குளிசையையும் முன்கூட்டியே மாற்ற வேண்டியிருக்கும். எல்லாவற்றுக்கும் உண்மையான திகதிகள் வேண்டும், வலிப்பு வந்த நாளும் மாதவிடாய் வந்த நாளும்.

“வாற வியாழன் கொண்டு வாங்க. அதுவரைக்கும் நீங்களா குளிசைய நிப்பாட்டிப் போடாதீங்க.”

போன மாதம் நஸ்லா விழுந்தது அடுப்படியில். கொதிக்கும் எண்ணெய் ஒரு சாண் தள்ளிக் கொட்டியது. அடுத்த முறையும் அந்த ஒரு சாண் கிடைக்கும் என்று அவள் நம்பவில்லை.

திகதி எதுவென்று கணவன் றமீஸிடம் கேட்டாள். மழையால் கிரிக்கெட் போட்டி நின்ற நாள் என்பது மட்டும் அவனுக்கு உறுதியாகத் தெரிந்தது.

கல்யாணத்தின்போது நஸ்லாவின் உம்மா இந்த வியாதிக்குத் தலைச்சுத்து என்று பெயர் வைத்திருந்தாள். றமீஸிடம் பின்னர் உண்மையைச் சொன்னார்கள். அவனுடைய உம்மா றாஹிலாவுக்கு மட்டும் இன்றுவரை தலைச்சுத்துதான்.

றாஹிலா மாமி இரண்டு தெரு தள்ளி இருந்தாள். தினமும் பின்னேரம் அஸர் தொழுகைக்கு முஸல்லா விரிப்பைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து மருமகளுக்குப் பக்கத்தில் நின்று தொழுவாள். மாதவிடாயால் நஸ்லாவுக்குத் தொழுகை விலக்கான நாட்களில் தனியாகத் தொழுது, தேத்தண்ணி குடித்து, ஒன்றும் கேட்காமல் போவாள். என்ன பாசம் என்று நஸ்லா நினைத்திருந்தாள்.

புதன்கிழமை மீன் கறி கொடுக்கப் போனபோது மாமி வீட்டுக் அடுப்படிச் சுவரில் ஒரு கலண்டரைக் கண்டாள். மாதத்துக்கு ஐந்தாறு சிவப்புப் புள்ளடிகள், பெருக்கல் குறி போல. அவள் தொழாத நாட்கள்.

மாமி கொஞ்சம் வெட்கப்பட்டாள். “ஒரு மாசம் தவறினா எனக்குத் தெரியோணுமே புள்ள. நீங்க ஒண்டும் சொல்ல மாட்டீங்க.”

நீல வட்டங்கள் என்னவென்று நஸ்லா கேட்டாள்.

“உங்களுக்குத் தலைச்சுத்து வந்த நாள். றமீஸ் சொல்லுவான். சொன்ன உடனே நான் அல்லாஹ்வுக்கு நன்றி சொல்லி ரெண்டு றகாஅத் சுன்னத் தொழுவன். தலைச்சுத்து எண்டா நல்ல சேதிதானே. ஆனா என்ன, ரெண்டு நாளையில புள்ளடி போட வந்திரும்.”

நஸ்லா தாள்களைப் புரட்டினாள். ஏழு மாதங்கள். ஒவ்வொரு புள்ளடி வரிசைக்கும் சற்று முன்னால் ஒரு வட்டம், சிலவற்றில் இரண்டு. எந்த டொக்டரும் இவ்வளவு ஒழுங்கை எதிர்பார்த்திருக்க மாட்டார். பேரப்பிள்ளைக்காக உளவு பார்த்தவள், அந்தப் பிள்ளை பிறக்க என்ன வேண்டுமோ அதைத்தான் எழுதி வைத்திருந்தாள்.

தாள்களைக் கிழித்துக்கொண்டு போனால் போதும். உண்மையைச் சொல்லத் தேவையில்லை. ஆனால் மாமி அடுத்த வட்டத்துக்கும் நன்றி சொல்லித் தொழுவாள்.

நஸ்லா கலண்டரை ஆணியிலிருந்து எடுத்து மாமியின் கையில் கொடுத்தாள்.

“மாமி, இது தலைச்சுத்து இல்ல, வலிப்பு. சின்னதிலயிருந்து இரிக்கி. நாளைக்கு டொக்டருக்கிட்ட இதக் காட்டோணும். நீங்களும் என்னோட வாங்க மாமி.”